திரைக்கு அடியில் ஒரு கை

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படிக்கிறவர்களில் நாலு பேர் தங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே தென்காசி வட்டாரத்தில் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள். நானும் ஆலங்குளத்தில் அதே ஆல்பம் டிசைன் தொழிலுக்குத்தான் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைவிடப் பெரியவள். மரியாதையாக ‘அவர்’ என்று எழுத வேண்டும். நேரில் ‘அக்கா’ என்றும் ‘நீங்க’ என்றும்தான் பேசுவேன். தனியாக உட்கார்ந்து நினைக்கும்போது மட்டும் ‘அவள்’ என்றுதான் வருகிறது, மாற்றிக்கொள்ள முடியவில்லை.

முதலில் அவள் கையைச் சொல்ல வேண்டும். எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும், அது யாருடையதாக இருந்தாலும், அவளுடைய வலது கை மானிட்டரின் கீழ் விளிம்புக்கு அடியில் போய்விடும். அங்கே வலது ஓரத்தில், வெளியே தெரியாமல், சின்னச் சின்னப் பட்டன்கள் வரிசையாக இருக்கும். மெனுவைத் திறக்க ஒன்று, மேலே ஏற ஒன்று, கீழே இறங்க ஒன்று, வெளியே வர ஒன்று, கடைசியில் பவர் பட்டன். தடவிப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எது எதற்கு என்று முன்பக்கச் சட்டத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கறுப்புச் சட்டத்தில் சாம்பல் நிற எழுத்து யார் கண்ணுக்குத் தெரியும்? நாங்களெல்லாம் தலையைச் சாய்த்து, குனிந்து, செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்ப்போம். அவள் குனிந்து நான் பார்த்ததே இல்லை. எதிரில் இருப்பவரிடம், “பொண்ணுக்கு எந்த ஊர்ல கொடுத்திருக்கிய?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் விரல் மெனுவுக்குள் போய், வெளிச்சத்தைக் குறைத்து, நீலத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வெளியே வந்திருக்கும்.

நான் அப்படிச் செய்து பார்த்தால் பவர் பட்டன்தான் அகப்படும். திரை இருண்டுவிடும். கஸ்டமர், “கரண்டு போயிட்டா?” என்று தலைக்குமேல் சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பார். தப்பித் தவறி மெனு திறந்தாலும், எந்தப் பட்டன் என்று நான் யோசிப்பதற்குள் அது தானாகவே மறைந்துவிடும். என்னிடம் மட்டும் அந்த மெனுவுக்குப் பொறுமையே கிடையாது.

அவள் யார் மானிட்டரைத் தொட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ளாததுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. ஒருதடவை இரண்டு பேரும் பாங்குக்குப் போயிருந்தோம். கவுன்டரில் இருந்தவர் கண்ணைக் கசக்கிக் கசக்கித் தட்டிக்கொண்டிருந்தார். இவள் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கையை உள்ளே நீட்டி, மானிட்டருக்கு அடியில் விட்டுவிட்டாள். எதிர்ப்பக்கம் நின்று செய்வதென்றால் பட்டன்கள் எல்லாம் தலைகீழ் வரிசை. அது ஒன்றும் அவளுக்குப் பொருட்டில்லை. “கண்ணு எரியுதா சார்? இவ்ளோ வெளிச்சத்த வச்சா எரியத்தான் செய்யும். இப்பம் பாருங்க.” அந்த ஆள் திட்டுவார் என்று நான் ஆசையாகக் காத்துக்கொண்டிருந்தேன். அவர், “ஆமால்லா! நல்லா இருக்கே” என்றார். அடுத்த முறை நான் தனியாகப் போனபோது, “அந்தம்மா வரலையா?” என்று கேட்டார்.

இதைப் பார்த்துவிட்டு நானும் ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பில் கையை நீட்டினேன். அங்கே இருந்த பெண், “மேடம், கைய எடுங்க” என்றாள். அதோடு நிற்காமல், நான் எதையாவது கெடுத்துவிட்டேனோ என்று மவுஸை நாலு பக்கமும் நகர்த்திப் பார்த்தாள்.

நாங்கள் வேலை பார்த்தது தென்காசியில் ஒரு ஸ்டூடியோவில். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவள் இலஞ்சியிலிருந்து வருவாள், நான் ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் போவேன். படித்ததும் இரண்டு பேரும் ஒரே மாதிரி டிப்ளமாதான். தெருவைப் பார்த்தபடி கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை உண்டு. யார் டிசைன் பண்ணிய ஆல்பமானாலும் பிரின்ட் போடுகிற லேபுக்குப் போகும் முன்னால் அந்த மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டரில் கடைசியாக ஒருமுறை கலர் பார்த்தாக வேண்டும். அந்த நாற்காலியில் இருப்பவர் சரி என்றால்தான் போகும். அந்த நாற்காலி அவளுடையது. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இதை இன்றைக்கும் கூச்சமில்லாமல் சொல்வேன். நான் இரண்டு நாள் உயிரைக் கொடுத்துச் செய்த பக்கத்தை அவள் முறுக்கு தின்றுகொண்டே பார்த்து, “ஏட்டி, மாப்பிள்ள சட்ட கொஞ்சம் நீலமடிக்கி” என்று சொல்லும்போது எனக்கு அடிவயிற்றிலிருந்து எரியும். போய்ப் பார்த்தால் நீலம் அடிக்கத்தான் செய்யும்.

சாரல் காலத்தில் அவளைப் பார்க்க வேண்டும். குற்றாலத்து மலையில் மேகம் இறங்கினால் எங்கள் தெருவும் சாயங்காலம் போல ஆகிவிடும், கை திரைக்கு அடியில் போகும். சுள்ளென்று வெயில் எட்டிப் பார்க்கும், மறுபடியும் போகும். ஒரு நாளைக்கு எத்தனை முறை வானம் மாறுகிறதோ அத்தனை முறையும் மாற்றுவாள். என் பாட்டுக்கு உள்ளே டியூப்லைட் வெளிச்சத்தில் இருந்த எனக்கு அது வெறும் பகட்டாகத்தான் பட்டது. அண்ணாச்சியிடமே கேட்டேன், “எதுக்கு அண்ணாச்சி அவிய அத எப்பம் பாத்தாலும் நோண்டுதாவ?” அண்ணாச்சி, “அவளுக்குத் தெரியும் தாயி, நீ ஒஞ் சோலியப் பாரு” என்றார்.

ஒரு நாள் கல்யாணப் பெண்ணின் சித்தி ஒருத்தி வந்தாள். திரையில் படத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். “என்ன இது, எங்க புள்ள இப்பிடிக் கறுத்துத் தெரியுதா? வெளுப்பாக்கிக் குடுங்க.” இந்த மாதிரி கேட்பவர்களிடம் நான் வாதாடுவேன், இல்லையென்றால் முகத்தைச் சுண்ணாம்பு அடித்தது போல ஆக்கிக் கொடுத்துவிடுவேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா? இடது கை கீபோர்டில் சும்மா தட்டிக்கொண்டிருந்தது, வலது கை அடியில் போயிற்று. திரையின் வெளிச்சத்தை ஒரு கொசுறு ஏற்றினாள். “இப்பம் பாருங்க மதினி.” சித்தி முகம் மலர்ந்துவிட்டது. “ஆங், இதான் எங்க புள்ள.”

படத்தை அவள் தொடவே இல்லை. பெண்ணின் நிறம் எப்படி இருந்ததோ அப்படியேதான் பிரின்ட் ஆகி வந்தது. அதே சித்தி ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து, “நீங்க செஞ்ச பொறவுதான் புள்ளைக்குக் களை வந்துருக்கு” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இதற்குப் பெயர் ஏமாற்று என்று நான் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு முழுக்க யார் வந்தாலும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் புகார் சொன்னது அவளுக்குப் பெருமையாகப் போய் முடிந்தது.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்ல மனசில்லாமல்தான் சொல்கிறேன். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தகப்பனார் வந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகள் யாரும் கூட இல்லாமல் ஒண்டியாக வந்திருந்தார். “எனக்கு எல்லாம் வெள்ளையாக் கூசுதும்மா, நீங்களே பாத்து முடிச்சிருங்க” என்றார். இவள், “அப்பிடி எப்பிடி ஐயா, ஒங்க பிள்ளய நீங்க பாக்காண்டாமா?” என்று அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வெளிச்சத்தைக் கீழே இறக்கினாள், வெள்ளையை மஞ்சள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள், “இப்பம்? இப்பம்?” என்று கேட்டுக் கேட்டு இறக்கினாள். அவர் மெதுவாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார், என்னிடமும்தான். எனக்கு அழுகை வந்தது. அதிலும், இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சல்தான் பாதி.

கடைசியில் ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். “அக்கா, ஒங்க மானிட்டர்ல என்ன செட்டிங்தான் வச்சிருக்கிய?” மறைப்பாள், மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், “இதுக்கென்னட்டி, எடுத்துக்கோ” என்று மெனுவைத் திறந்தாள். நான் செல்போனில் படம் எடுத்து முடிக்கும்வரை மெனு மறைந்துவிடாமல் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வெளிச்சம், கான்ட்ராஸ்ட், சிவப்பு, பச்சை, நீலம் எல்லாவற்றுக்கும் எண்கள் கிடைத்துவிட்டன. என்னுடையதும் அதே கம்பெனி, அதே மாடல், ஒன்றாக வாங்கியதுதான். எல்லாவற்றையும் அப்படியே என் மானிட்டரில் வைத்தேன். படங்கள் என்னவோ வெளிறி, பச்சை தட்டின மாதிரித் தெரிந்தன. அவளுடைய செட்டிங்காயிற்றே, அது பொய் சொல்லுமா? படங்கள்தான் சரியில்லை என்று முடிவு செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பை ஏற்றினேன்.

அந்த வாரம் இலஞ்சிக் கோயிலில் விசேஷம் என்று அவள் லீவு. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, “இந்த ஒரு ஆல்பத்த நீயே பாத்து அனுப்பு. சரியா வந்தா இனி ரெண்டு பேரும் மாறி மாறிப் பாருங்க” என்றார். நான் எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை அது. அவளுடைய நாற்காலியில் உட்காராமல், அவளுடைய எண்கள் இருக்கிற என் திரையிலேயே பார்த்து அனுப்பிவிட்டேன்.

ஆல்பம் வந்தது. வாங்க வந்த கல்யாணப் பெண்ணின் அண்ணன் போலீஸ்காரர். முதல் பக்கத்தைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். “என்ன அண்ணாச்சி இது, எங்க ஆளுக பூராவும் குங்குமத்துல முங்கி எந்திச்ச மாதிரி இருக்காவ?” உண்மைதான். மாப்பிள்ளை, ஐயர், சாப்பாட்டுப் பந்தியில் இலை போடுகிறவர்கள்வரை எல்லா முகமும் செக்கச் சிவந்திருந்தது.

லீவு முடிந்து வந்தவள் என் திரையைப் பார்த்தாள். அவள் மேஜைக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “ஏட்டி, எனக்கு நேர எதுத்தாப்புல ஜவுளிக்கடக்காரன் செவப்புத் துணியால பந்தல் இழுத்துக் கட்டிருக்கான். அந்தச் செவப்பு பூரா எம் மூஞ்சிலயும் ஸ்கிரீன்லயும்தான் விழுது. அதுக்காவ நான் செவப்ப இறக்கி வச்சிருக்கேன். ஒனக்கு அங்கன என்ன பந்தலா கெடக்கு?”

“இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா அக்கா?”

“நீ செட்டிங்தானட்டி கேட்ட?”

அவள் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாளா, அவளுக்குத் தோன்றவே இல்லையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நல்ல நாளில் நினைத்தால் அவள் வெள்ளந்தி என்று படும். வியாபாரம் மந்தமான நாளில் நினைத்தால் வேறு மாதிரிப் படும். மறுபடியும் வந்த அந்தப் போலீஸ்காரரை அவள்தான் உட்காரவைத்துப் பேசி, ஒவ்வொரு பக்கமாகச் சரிசெய்து காட்டி அனுப்பினாள். போகும்போது அவர் அவளுக்கு வணக்கம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. மாறி மாறிப் பார்க்கிற பேச்சை அண்ணாச்சி அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

நாற்காலி எனக்கு வேறு வழியில் வந்தது. அண்ணாச்சி குற்றாலத்தில் ஒரு கிளை திறந்து, அதைப் பார்த்துக்கொள்ள அவளை அனுப்பினார். தென்காசியில் தெருப்பக்க மேஜை காலி. வேறு ஆள் இல்லாததால் என்னை உட்காரச் சொன்னார். நான் முதலில் செய்த வேலை, மெனுவுக்குள் போய் ரீசெட் கொடுத்து அவள் வைத்திருந்த எல்லாவற்றையும் அழித்ததுதான். அந்த ஜவுளிக்கடைப் பந்தலுக்கு நானே புதிதாக அளவு கண்டுபிடித்தேன். நாலைந்து நாள் ஆனது, ஆனாலும் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு ஒரு ஆல்பம்கூடக் கலர் தப்பாகப் போனதில்லை.

யார் கவனித்தார்கள்? வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே கேட்பார்கள். “அந்த அக்கா இல்லையா?”

“குற்றாலத்துல இருக்காவ.”

“அப்பம் நாங்க அங்கனயே போயிப் பாத்துக்கிடுதோம். பஸ்ஸுதான் இருக்குல்லா.”

குற்றாலத்துக்கு ஊரெல்லாம் குளிக்கத்தான் போகும். எங்கள் கஸ்டமர்கள் ஆல்பம் பார்க்கப் போய், அப்படியே குளித்துவிட்டும் வந்தார்கள். நான் ஆசைப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஜவுளிக்கடைப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. ஆலங்குளத்திலேயே சொந்தமாகக் கடை போட்டேன். வீட்டுக்காரர் கூடமாட இருந்து பார்த்துக்கொள்கிறார். பெரிய மானிட்டர் ஒன்று வாங்கி, ஜன்னலுக்குத் திரை போட்டு, சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்து, ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்த்து அமைத்தேன். அந்த எண்களை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டுக்காரர் மட்டும் அவ்வப்போது, “அந்தத் தென்காசி அக்கா ஒரு தடவ வந்து பாத்தாவன்னா நல்லா இருக்கும்” என்பார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு உப்புமாதான்.

போன மாதம் அவளே வந்தாள். பஸ்ஸை விட்டிறங்கி நேரே கடைக்குள் வந்து, பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தாள். அவள் மகள் கல்யாணப் படங்கள். ஆல்பம் நான் பண்ணித் தர வேண்டுமாம்.

“ஏன்க்கா, நீங்க பண்ணாததா?”

“முடியலட்டி. ஒக்காந்தா ஒரு பக்கம் நகர மாட்டேங்கு. எல்லாப் படத்துலயும் அவளையே பாத்துட்டு இருக்கேன். கண்ணு நெறஞ்சா கலரு எங்க தெரியும்? வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. வேறு யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை என்று அவள் சொன்னதை வீட்டுக்காரர் கேட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வாசலில் டீ வாங்கிக்கொண்டிருந்தார்.

படங்களைத் திறந்து கொடுத்து, அவளை என் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் மானிட்டரின் முதுகுதான் தெரியும். உட்கார்ந்த உடனே கை வந்தது. கீழ் விளிம்புக்கு அடியில், வலது ஓரத்தில் தடவியது. ஒன்றும் இல்லை. இடது பக்கம் போனது. அங்கேயும் வெறும் பிளாஸ்டிக். இந்தப் புது மாடலில் பட்டன் வரிசையே கிடையாது. முதுகுப் பக்கம் நடுவில் ஒரே ஒரு சின்னக் குமிழ்தான், அதையே நாலு பக்கமும் தள்ள வேண்டும். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், சொல்லவில்லை. அவள் முதன்முதலாகக் குனிந்து பார்த்தாள்.

“எங்கனட்டி வச்சிருக்கான்?”

“பின்னாலக்கா.”

எனக்குக் கிடைத்த வெற்றி அவ்வளவுதான். ஒரு கொட்டாவி விடுகிற நேரம் நீடித்திருக்கும். அதற்குள் அவள் விரல் குமிழைக் கண்டுபிடித்து, மேலும் கீழும் தள்ள ஆரம்பித்துவிட்டது. நிதானமாகத் தள்ளினாள். எனக்குத் திரை தெரியவில்லை, அவள் முகம்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் டீயோடு வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் பக்தியோடு நின்றுகொண்டார். “ம்” என்றாள். டீயைக் குடித்தாள். நாலரை மணி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டாள்.

அவள் தலை மறைந்ததும் வீட்டுக்காரர் திரையைக் காட்டினார். “பாரு, இப்பம் எவ்ளோ நல்லா இருக்கு! அவிய கை பட்டா கைதான்.”

போய்ப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மணமேடையில் அவள் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மஞ்சளும் பட்டும் அதனதன் நிறத்தில் இருந்தன. இத்தனை நாள் நான் உட்கார்ந்து உட்கார்ந்து வைத்ததைவிட இது ஒரு படி மேல். என் கடையில், என் நாற்காலியில், எனக்கு முன்னாலேயே செய்துவிட்டுப் போய்விட்டாள். வயிறு எரிய எரிய மெனுவைத் திறந்தேன், அப்படி எதைத்தான் மாற்றினாள் என்று பார்த்துவிட வேண்டும்.

வெளிச்சம், நான் வைத்தது. கான்ட்ராஸ்ட், நான் வைத்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நான் வைத்தவை. ஒரு எண்கூட நகரவில்லை. இரண்டாவது முறையும் பார்த்தேன்.

“அவிய ஒண்ணும் மாத்தலங்க. எல்லாம் நான் வச்சதுதான் இருக்கு.”

“சும்மா இரு. அதான் கண்ணுக்குத் தெரியுதே” என்றார் வீட்டுக்காரர். எனக்கு அந்தக் கல்யாணப் பெண்ணின் சித்தி ஞாபகம் வந்தது.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தாள். “அக்கா, ஸ்கிரீன்ல என்ன மாத்துனிய?”

“நான் எங்கட்டி மாத்துனேன்? நீ என்ன வச்சிருக்கன்னு உள்ள போயிப் பாத்துட்டு வந்தேன். எல்லாம் சரியாத்தான வச்சிருக்க. நான் வச்சாலும் இதத்தான் வைப்பேன்.”

அவசர அவசரமாகப் போனை ஸ்பீக்கரில் போட்டு, வீட்டுக்காரர் பக்கம் நீட்டினேன். “என்னக்கா? சரியாக் கேக்கல, இன்னொரு மட்டம் சொல்லுங்க.”

பஸ் ஹார்ன் அடித்தது. பிறகு அவள் குரல் கணீரென்று கடை முழுக்கக் கேட்டது. “ஒண்ணுமில்லட்டி, தாலி கட்டுத பக்கத்த மட்டும் எங்கிட்ட ஒரு மட்டம் காட்டிட்டு அனுப்பு, என்ன?” வைத்துவிட்டாள்.

“கேட்டியா? காட்டிட்டுத்தான் அனுப்பணுமாம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் டீ கிளாஸைக் கழுவப் போனார்.

அவளாக என்னை மெச்சி ஒரு வார்த்தை சொன்னாள், அதையும் என் காதுக்குள் மட்டும்தான் சொன்னாள். அதற்குச் சாட்சி யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். பெயரை மட்டும் கேட்காதீர்கள்.